அண்ணா, அந்தப் பக்கம் மலரில் வராது

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் ஆண்டு நினைவு மலருக்கு நீங்கள் அனுப்பிய பக்கத்தை நான் எடுத்துவிட்டேன். நீங்கள் அதைக் குழுவில் போட்டு, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எல்லாரும் கண்கலங்கிப் பதில் எழுதின பிறகு, உங்களுக்கு மட்டும் போன் எடுத்துச் சொல்லிச் சரிவராது என்றுதான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். மன்னியுங்கள். ஆனாலும் அந்தக் கதை அப்பாவின் படம் போட்ட புத்தகத்தில் வரக் கூடாது.

சவக்காலை மண்டபத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து அதைச் சொன்ன நேரம் எனக்கு இன்னும் போகவில்லை. கல்யாணம் கட்ட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போன பெண்ணை நேரே அவளுடைய மாப்பிள்ளையின் மண் காயாத கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள், அன்றிரவே அவள் "என் கைகளைப் பிடித்து நடத்தும்" என்ற ஜேர்மன் தேவாலயப் பாட்டை எழுதினாள் என்றீர்கள். சனம் அழுதது. அப்போது என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பதினொரு மணி, அப்பாவின் கண் மருந்துக்கு வைத்த அலாரம். பெட்டி மூடியாயிற்று, அலாரத்தை நிற்பாட்ட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பைக்குள் கையை விட்டுத் தடவினால் முதலில் கையில் பட்டது அந்தச் சின்னப் போத்தல்தான், பாதி மருந்தோடு. அதைப் பொத்திப் பிடித்தபடி இருந்துவிட்டேன். ஓர்கன் தொடங்க எல்லாரும் ஜேர்மன் பாட்டுப் புத்தகத்தில் 376-ஆவதாக இருக்கிற அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். நான் ஏன் எழும்பவில்லை என்று பிறகு கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாட்டை எழுதினவள் யூலி ஹவுஸ்மன். 1826-இல் ரீகாவில் பிறந்த பால்டிக் ஜேர்மன்காரி. அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது, இப்போது லாத்வியா. தகப்பன் பள்ளிக்கூட ஆசிரியர். அவளுக்கு ஓயாத தலையிடி. தகப்பனுக்குக் கண் தெரியாமல் போக, 1864-இல் அவர் சாகும்வரை கூட இருந்து பார்த்தவள் அவள்தான். பாட்டு அச்சில் வந்தது 1862-இல். கணக்குப் பாருங்கள் அண்ணா, தகப்பன் அப்போது உயிரோடு இருக்கிறார். அந்த ஆப்பிரிக்கக் கதைக்கு ஒரு ஆதாரமும் இல்லை.

பெயரைப் போடவே அவள் விடவில்லை. குஸ்தாவ் க்னாக் என்ற பெர்லின் போதகர்தான் அவளுடைய கவிதைகளை வெளியிட்டார். மெட்டும் அவளுக்காகப் போட்டதில்லை. 1842-இல் பிள்ளைகளின் இரவுப் பாட்டு ஒன்றுக்கு ஃப்ரீட்ரிஷ் ஸில்ஹர் போட்டது. அவர் 1860-இலேயே காலமாகிவிட்டார், இந்த வரிகள் அச்சில் வந்ததை அவர் காணவில்லை. பெயரே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவளுக்குச் சனங்கள் செத்த மாப்பிள்ளை ஒருவனைக் கட்டிவைத்து, அவள் உண்மையாகச் செய்த வேலையை மறைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இரண்டாம் சரணத்தை ஒருக்கால் வாசியுங்கள். உம் ஏழைப் பிள்ளை காலடியில் இருந்து கண்ணை மூடிக் குருடாய் நம்ப விரும்புகிறது என்கிறாள். மூன்றாவதில், உமது வல்லமையை நான் கொஞ்சமும் உணராவிட்டாலும் இருட்டுக்குள்ளாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பீர் என்கிறாள். கண் தெரியாத மனுசனைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கழிவறைக்கும் நாள் தவறாமல் கைபிடித்துக் கூட்டிப்போன வீட்டில் பிறந்த பாட்டு என்றுதான் நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அப்பா என் கையைப் பிடித்த பிடி எனக்குத் தெரியும், அவர் பயந்த அளவுக்கு நானும் பயந்தேன்.

உங்களுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் போன் வரும்வரை அவர் சாப்பிட மாட்டார். காதில் போனை வைத்துப் பிடிப்பது நான், உங்கள் குரல் கேட்டதும் அவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருக்கும். பிறகு "தங்கச்சி பக்கத்தில் இருக்கிறாள்தானே" என்பீர்கள். அதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடும். காசு விசயத்தையும் கடைசி மாதம் நடந்ததையும் இங்கே எழுத மாட்டேன். மாமி வாசிப்பார், உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் வாசிப்பார்கள்.

தகப்பனுக்குப் பிறகு யூலி 37 வருசம் இருந்தாள். சகோதரியோடு பிரான்சின் பியாரிட்ஸில், அப்புறம் சென் பீட்டர்ஸ்பர்க்கில். 1901-இல் எஸ்தோனியாவில் காலமானாள். அந்த 37 வருசத்தை நினைத்தால் எனக்குத் தைரியமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

பாட்டைத் தெரிவு செய்தது நீங்கள், அதற்கு என்றைக்கும் நன்றி. அப்பாவுக்கு மனப்பாடமான ஒரே ஜேர்மன் பாட்டு அது என்று நீங்கள் மறக்கவில்லையே. மூன்று சரணமும் மலரில் வரும், அடியில் யூலியின் பெயரும் வரும். அவள் மறைத்த பெயரைப் போடுகிறேன், அவளும்தான் என்னை மன்னிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். உங்கள் பக்கம் காலியாகவே இருக்கிறது. நான் பிறக்க முதல் அப்பா உங்களோடு எப்படி இருந்தார் என்று எழுதி அனுப்புங்கள், எத்தனை வரியாக இருந்தாலும் சரி. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கச்சி