காசு கொடுத்து வாங்கிய டிவிடியைக் காப்பாற்றி வைப்பது திருட்டு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் கிடக்கும் பழைய டிவிடிகளை எறிந்துவிடுங்கள், எல்லாமே இணையத்தில் இருக்கிறது என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வந்தது. பிரதி எடுக்க முடியாதபடி மின்னணுப் பூட்டுப் போட்டு விற்ற டிவிடியைப் பிரதி எடுப்பது யார் செய்தாலும் திருட்டுத்தான் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். திருகோணமலையில் கணினி திருத்தும் வேலை செய்பவன் நான். இரண்டு கருத்துமே பிழை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நம்பி ஒருவர் நல்ல இறுவட்டுகளைக் குப்பையில் போட்டால்கூட அது நட்டம்தான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும் அசல் டிவிடிகள் பெரும்பாலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து உறவினர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தவை. மிச்சம் கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கியவை. கறுப்பு வெள்ளைப் படங்கள், கச்சேரிப் பதிவுகள், பிள்ளைகளுக்கான கார்ட்டூன்கள், ஆங்கில ஆவணப்படங்கள் என்று கலந்து கிடக்கும். அதே படத்தை யூடியூபில் தேடிப் பாருங்கள். இரண்டு பாட்டு வெட்டுப்பட்டிருக்கும், மூலையில் யாரோ ஒருவருடைய சின்னம் ஒட்டியிருக்கும், உபதலைப்பு இருக்காது. உரிமைச் சிக்கல் வந்தால் ஒரு நாள் அந்தக் காணொளியே காணாமல் போய்விடும். மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் தளங்களிலும் ஒப்பந்தம் முடிந்தால் படத்தைத் தூக்கிவிடுவார்கள். காது மந்தமாகிவிட்ட ஒரு பெரியவர் உபதலைப்பை வாசித்துத்தான் பழைய படங்களைப் பார்க்கிறார். அவரிடம் போய் இணையத்தில் பாருங்கள் ஐயா என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஊரில் இது அவசரமாவதற்குக் கடல் ஒரு காரணம். நகரத்துக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். இரும்புக் கேட்டையே தின்னும் காற்று இறுவட்டை விட்டுவைக்குமா? டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது. படம் பதிந்திருப்பது அவை இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய உலோகப் படலத்தில். விளிம்பில் ஒட்டு விட்டுப்போனால் ஈரம் உள்ளே புகுந்து படலத்தை அரிக்கத் தொடங்கும். பக்கத்தில் உள்ள உப்புவெளி என்ற ஊரில் இருந்து வந்த ஒரு தட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். விளிம்போரமாக ஊசியால் குத்தியதுபோல வெளிச்சப் புள்ளிகள், நடுத் துளையைச் சுற்றி மயிரிழையாக ஒரு வெடிப்பு. தட்டின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, அவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் இடைவேளைக்குக் கிட்ட வந்ததும் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. இரட்டை அடுக்குத் தட்டில், அதாவது 8.5 ஜிபி கொள்ளும் தட்டில், படம் முதல் அடுக்கில் உள்ளிருந்து வெளியே ஓடி, விளிம்பில் அடுக்கு மாறி, வெளியிலிருந்து உள்ளே திரும்பும். அதனால்தான் விளிம்பு அரித்தால் கதையின் நடுப்பகுதி போகிறது. கடையில் கீறல் போக்கும் பசை விற்கிறார்கள். இந்தப் பழுதுக்கு அது ஒன்றும் செய்யாது.

சரி, தட்டில் உள்ள கோப்பை அப்படியே கணினிக்கு இழுத்துப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். கலியாணவீட்டு டிவிடி, அரங்கேற்ற டிவிடி என்றால் போடலாம், அவற்றில் பூட்டு இல்லை. அவற்றை முதலில் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வது, ஏனென்றால் கணினியில் பதிந்த தட்டு தொழிற்சாலையில் அச்சடித்த தட்டைவிடச் சீக்கிரம் பழுதாகும். கடையில் விற்ற படங்களில் பெரும்பாலானவற்றுக்கு சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. 1996இல் டிவிடி வந்தபோதே கூட வந்தது அது. படத்தைக் குழப்பி எழுதிவிட்டு, அதைத் திறக்கும் சாவிகளில் முக்கியமானவற்றைத் தட்டின் ஆரம்பப் பகுதியில் ஒளித்து வைப்பார்கள். நாங்கள் வாங்கும் வெற்றுத் தட்டில் அந்த இடத்தில் எழுத முடியாது. கோப்பு மட்டும் வந்து சாவி வராததால், பிரதியில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் ஓடும்.

இந்தப் பூட்டு உடைந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 1999இல் யோன் லெக் யோகான்சன் என்ற நோர்வே நாட்டுப் பையனும் வேறு சிலரும் அந்தப் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறிய மென்பொருளை வெளியிட்டார்கள். 40 பிட் நீளமே உள்ள சிறிய சாவி கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. யோகான்சன்மீது வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் விடுதலை செய்தது, அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலையானார். தான் முறையாக வாங்கிய படத்தைத் தான் பார்ப்பதில் குற்றம் இல்லை என்பதுதான் அங்கே நிலைத்தது. எல்லா நாட்டிலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பூட்டைத் திறக்கும் மென்பொருளை விற்பதே குற்றம். 321 ஸ்ரூடியோஸ் என்ற நிறுவனம் 2004இல் வழக்கில் தோற்று மூடப்பட்டது. பிரித்தானியாவில் 2014இல் சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுக்க அனுமதித்த விதியை 2015இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. லண்டனில் இருக்கும் மச்சான் அது குற்றம் என்று சொன்னார் என்பதற்காக இங்கேயும் குற்றம் என்று முடிவு கட்டக் கூடாது.

எங்கள் நாட்டில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். முறையாகப் பெற்ற பிரதியில் இருந்து, தன் சொந்தத் தேவைக்கு மட்டும், ஒருவர் ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொள்ள அதன் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே சட்டம் 23ஆம் பிரிவில், பூட்டை மீறுவதற்கென்றே செய்த கருவிகளை விற்பனைக்கோ வாடகைக்கோ தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்கு விளங்குவது இதுதான்: வீட்டுக்காரர் தன் தட்டைக் காப்பாற்றலாம், அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. அதனால் காசுக்குப் படப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலையை நான் செய்வதில்லை. “தம்பி, இதைப் பென் டிரைவில் போட்டுத் தாங்கோ” என்று கேட்டு வருபவரை, மகனையோ மகளையோ மடிக்கணினியோடு கூட்டிவரச் சொல்லி, அவர்கள் கையாலேயே செய்ய வைக்கிறேன். ஒரு படத்துக்குப் பத்துப் பிரதி அடித்துச் சந்தியில் விற்றவர்களையும் இந்த வீட்டுக்காரர்களையும் உங்கள் கட்டுரை ஒரே வரியில் கள்ளர் என்று சொல்லிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மென்பொருள் விடயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இலவசம் என்று போட்டிருப்பதைத் தரவிறக்கினால் ஐந்து நிமிடப் படம் மட்டும் பிரதியாகும், மிச்சத்துக்கு டொலரில் கட்டணம் கேட்கும். வேறு சிலவற்றில் வைரஸ்தான் வரும். டிவிடி டிக்ரிப்டர் என்று ஒரு காலத்தில் எல்லோரும் பாவித்த மென்பொருளை எழுதியவர் 2005இலேயே நிறுத்திவிட்டார். இன்றும் அந்தப் பெயரில் எங்கெங்கோ கோப்புகள் தொங்குகின்றன, தொடாதீர்கள். டிவிடி ஷ்ரிங்க் என்ற இன்னொரு பிரதி மென்பொருள் எப்போதும் இலவசம், அதற்குக் காசு கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

நான் சொல்லிக்கொடுப்பது மேக்எம்கேவி என்ற மென்பொருள். அதில் டிவிடிக்கான பகுதி இலவசம். தட்டில் உள்ள படத்தைத் தரம் குறைக்காமல், ஒலித்தடங்களும் உபதலைப்புகளும் சேர அப்படியே ஒரு கோப்பாக எடுத்துத் தரும். நல்ல தட்டு என்றால் அரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும். கோப்பு பெரிதாக இருந்தால் ஹாண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சுருக்கலாம். ஹாண்ட்பிரேக் தானாகப் பூட்டைத் திறக்காது, இது தெரியாமல் பலர் மென்பொருள் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் விஎல்சி என்ற மென்பொருள் போதும், பூட்டைத் திறக்கும் நிரல் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, பென் டிரைவ் கோப்புகளை அடுக்கும் பழைய ஃபற்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இடம் இருக்கிறது, ஆனால் போகுதில்லை என்று வருபவர்களுக்கு எக்ஸ்ஃபற் முறைக்கு மாற்றினால் சரிவரும். மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வையுங்கள். வீட்டுத் தொலைக்காட்சி எக்ஸ்ஃபற்றை வாசிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுத் தட்டுகளுக்கு வலயச் சிக்கலும் உண்டு, அதாவது எந்த வலயத்தில் விற்ற தட்டோ அந்த வலய எண் வைத்த கருவியில்தான் அது ஓடும். கனடா 1, பிரித்தானியா 2, அவுஸ்திரேலியா 4, இலங்கை 5. கணினியின் டிவிடி டிரைவில் வலயத்தை 5 தடவைதான் மாற்றலாம். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த வலயத்திலேயே நின்றுவிடும். மாற்றவா என்று கணினி கேட்டதும் யோசிக்காமல் சம்மதம் கொடுத்துக்கொண்டே போகாதீர்கள்.

இப்போது வரும் பெரும்பாலான மடிக்கணினிகளில் டிவிடி டிரைவே இல்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. ஒரு ஒழுங்கைக்கு ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவித்தாலும் போதும். பொது நூலகத்தில் ஒரு கணினியும் ஒரு டிரைவும் வைத்து, சொந்தத் தட்டைக் கொண்டுவருபவர் தானே செய்துகொள்ள விட்டால் டிரைவ் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழி கிடைக்கும். இதை நூலகப் பொறுப்பாளர்களும் உள்ளூராட்சிச் சபையும் கவனிக்க வேண்டும் என்று உங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒரு திருத்தம். தட்டை எறியச் சொன்ன அதே பக்கத்தில், 12ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைப் போடுங்கள். பிரதி எடுத்த பிறகும் அசல் தட்டைப் பெட்டியோடு வைத்திருக்க வேண்டும், அதை விற்றுவிட்டுப் பிரதியை வைத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை