பழைய ஜீப்புகளின் எஞ்சின் மாற்றத்துக்கு நேர்வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவன வகைப் பழைய ஜீப்புகளின் பெட்ரோல் எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், மலைப்பாதைகளில் அவற்றை இன்னும் ஓட்டுவோர் பலர் வேறு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொள்கின்றனர். ஆனால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

தடையின் நோக்கம் சரியானதே. கனமான எஞ்சின் முன் அச்சில் ஏறும்போது ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங்கும் அதைத் தாங்க வேண்டும். அதன் கூடுதல் முறுக்குவிசை (சுழற்றும் விசை) பழைய கியர்பாக்ஸைச் சிதைக்கலாம். கூடிய வேகத்துக்குப் பழைய டிரம் பிரேக் போதாது. எனினும், தனி உரிமையாளர் இவற்றைச் சோதித்து ஒப்புதல் பெற எளிய வழி இல்லாததால், பதிவில் ஓர் எஞ்சின் எண்ணும் வண்டியில் வேறோர் எண்ணுமாகப் பல ஜீப்புகள் ஓடுகின்றன. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம் (விவரம் அறியாமல் அந்த வண்டியை வாங்கியவர் பாடு இன்னும் திண்டாட்டம்).

ஜெர்மனியில் தகுதிபெற்ற நிபுணர் ஒவ்வொரு வாகனத்தையும் தனியே ஆய்ந்து, மாற்றத்தை ஆவணத்தில் சேர்க்கும் முறை உள்ளது. அதுபோல, எஞ்சின் வாங்கிய ரசீது, பொறியாளர் சான்று, பிரேக் மற்றும் புகைச் சோதனை ஆகியவற்றின் அடிப்படையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே ஒப்புதல் வழங்க மத்திய அரசு விதி வகுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்