தஞ்சாவூருக்குப் போ

கும்பகோணம்,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

அன்புள்ள ராமு,

இங்கே அனைவரும் நலம். போன வாரம் குத்தாலம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி இருக்கிறது. என்னைத் திட்டுகிற தெம்பும் இருக்கிறது. ஆகவே கவலைப்படாதே.

பதில் தாமதமானதற்கு அக்காள் மகன் கல்யாணத்தைக் காரணம் காட்டலாம். ஆனால் கல்யாணம் ஆவணியிலேயே முடிந்துவிட்டது. நாக்பூரை விட்டு ஊர்ப்பக்கம் குடிவர எந்த ஊர் நல்லது என்று கேட்டு நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல்தான் முடியவில்லை. டெல்டாவின் ஊர்களையெல்லாம் வரிசையாக எழுதி, பள்ளிக்கு இத்தனை, மருத்துவமனைக்கு இத்தனை, காற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அனுப்பியிருக்கிறாய். கணக்குப் பரீட்சையில் நீ வாங்காமல் விட்டதையெல்லாம் ஊர்களுக்கு வாரி வழங்கியிருக்கிறாய். அதில் ‘காவிரியிலிருந்து தூரம்’ என்று தனியாக ஒரு கட்டம் வேறு! குத்தாலத்துக்கு அதில் நூற்றுக்கு நூறு. விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு நிரப்பும் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. நம் சிநேகிதன் நெட்டையிடம் காட்டினேன். “இவன் வீடா தேடுகிறான்? படித்துறை தேடுகிறான்” என்றான்.

சரி, காவிரியையே முதலில் பேசித் தீர்த்துவிடுவோம். நீ ஊருக்கு வருவது தீபாவளிக்கு. அப்போது ஆறு இரு கரையும் தொட்டு ஓடும், உனக்கும் கண் கலங்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். நீர் இருப்பு இல்லாத ஆண்டுகளில் திறப்பும் தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரிந்து, நம் பக்கம் தலைகாட்ட மேலும் நாளாகும். மாசி முதல் வைகாசி வரை உன் நூற்றுக்கு நூறு ஆறு வெறும் மணல். மணலும் போன இடங்களில் நெய்வேலிக் காட்டாமணக்கு. நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு நினைக்கிற காவிரியில் மட்டும்தான் பன்னிரண்டு மாதமும் தண்ணீர்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நியாயம். அதற்கு ஏன் அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை? மராத்தி பேசும் உன் மனைவி வைசாலிக்கென்றும் ஒரு கட்டம் இல்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். நீ ஊர் திரும்புகிறாய். அவர் புது மாநிலத்துக்குக் குடிபோகிறார், பிள்ளைகளும்தான். இரண்டும் ஒரே லாரியில் சாமான் ஏற்றுவதால் ஒரே காரியம் ஆகிவிடாது. குத்தாலத்தில் தெருவே அவரைக் கொண்டாடும், எனக்குச் சந்தேகமில்லை. முறுக்கு வரும், மல்லிகைப்பூ வரும், “மருமகள் தமிழ் பேசுகிறாளா” என்று பார்க்கக் கூட்டமும் வரும். விருந்தாளியாகக் கொண்டாடி, விருந்தாளியாகவே வைத்திருப்பார்கள். நீ மாடியில் கணினியோடு அடைந்து கிடப்பாய். அவர் யாரோடு சண்டை போடுவார்? சண்டை போடுமளவுக்கு மொழி வராத ஊரில் ஒரு மனுஷி எப்படிக் குடித்தனம் நடத்துவது?

ஆகவே தஞ்சாவூர். கும்பகோணத்துக்காரன் கையால் இதை எழுதுகிறேன், கை கூசுகிறது. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் மராட்டியர் ஆண்ட ஊர் அது. பெரிய கோயில் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டிவைத்த மராத்திக் கல்வெட்டு இருக்கிறது. நீயும் நானும் அதன் முன்னால் நின்று விழித்தவர்கள்தான், வைசாலி எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார். சரஸ்வதி மகால் நூலகத்தில் மராத்திச் சுவடிகளும் ‘மோடி’ என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணங்களும் கிடக்கின்றன. வீட்டில் இன்னும் மராத்தி பேசுகிற பழைய குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய மராத்தியைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரலாம். அதுவும் ஒரு பேச்சுத் துணைதானே. இதெல்லாம் அலங்காரம் என்று நீ சொல்வாய். ஒப்புக்கொள்கிறேன். உண்மையான பயன், விமானப்படைத் தளம் இருப்பதால் கடைத்தெருவில் இந்தி காதில் விழும், வடக்கத்திப் பிள்ளைகள் சில பள்ளிகளில் படிக்கிறார்கள். 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணி வந்து சேர்ந்ததிலிருந்து வானத்தில் இடிச் சத்தமும் கேட்கும். உன் அலுவலகக் கூட்டத்தில் உன்னைப் பேசவிடாமல் செய்ய அதுவே போதும், உன் மேலாளர் மகிழ்வார்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கே. அம்மாவுக்கு ஏதாவது என்றால் குத்தாலத்திலிருந்து கடைசியில் அங்கேதான் கொண்டுபோகப் போகிறோம். ரயிலில் அறுபது சொச்சம் கிலோமீட்டர், நேர் பாதை. வாரக் கடைசியில் போய்வா. அம்மா உன்னோடு தஞ்சாவூரில் வந்து இருப்பாரா என்று கேட்டேன். “மாடு இருக்கிறது” என்றார். மாட்டை விற்று மூன்று வருஷமாயிற்று.

இப்போது பெரியவள். மற்றது எதுவானாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இது முடியாது. அவள் எட்டாம் வகுப்பு. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பெயரைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது பெரும் தலைவலி. வருவதானால் ஏப்ரலில் வா. இல்லையென்றால் பத்து முடியும்வரை அங்கேயே இரு. “ஒரு வருஷம் பொறுத்து” என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பேச்சே வேண்டாம். அடுத்தது தமிழ். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை முதல் பாடம் தமிழ்தான். பிற வாரியப் பள்ளிகளுக்கும் பின்னால் அதை விரித்தார்கள். வெளிமாநிலத்துப் பிள்ளையை நடுவில் எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தலைமையாசிரியரை நேரில் கேள். வாசலில் இருக்கும் அலுவலகத்தில் “பார்த்துக்கொள்ளலாம் சார்” என்பார்கள். பணம் கட்டிய பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவன் நீதான். கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, உன்னைப் போன்ற கம்பெனிக்காரன் வரிசையின் வாலில். ஒன்பதில் இடம் காலியிருந்தாலும் ஒரு தேர்வு எழுத வேண்டும்.

சின்னவன் தெருவில் கிரிக்கெட் ஆடியே ஆறு மாதத்தில் தமிழில் கெட்ட வார்த்தைவரை கற்றுவிடுவான். அவளுக்கு அப்படியில்லை. உன்னிடம் அவள் பேசும் தமிழ் நமக்கு இனிக்கிறது. பதினான்கு வயதுப் பெண்கள் நிறைந்த வகுப்பறையில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். “நான் ரெடி அப்பா” என்று சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாளா, பார்க்காமல் சொன்னாளா? உன் பழைய பள்ளிச் சான்றிதழ்களையும் பத்திரமாக எடுத்துவை. எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுக்க இங்கே படிக்காத பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு உன் பூர்வீகத்தை நீ காட்ட வேண்டும்.

கும்பகோணம் ஏன் வேண்டாம் என்று நீ கேட்பாய், நான் கூப்பிடாத குறைக்கு. எங்கள் ஊரில் சந்துக்குள் கார் நுழைந்தால் திரும்பாது. கொசு எங்கள் பழைய குடிமகன். நவக்கிரகச் சுற்றுலா பஸ்கள் விடுமுறை நாளெல்லாம் நிற்கும். 2028இல் மகாமகம் வேறு வருகிறது. வீட்டுக்காரர்கள் இப்போதே வாடகையைக் கூட்டிப் பேசுகிறார்கள். விலைக்கு வாங்கப் போனாலும் பல தெருக்களில் சுவர் உன்னுடையது, அடிமனை கோயிலுடையது அல்லது மடத்துடையது. மாயவரத்திலும் இதே கதை. 2020இல் மாவட்டத் தலைநகரானதும் ஊர்க்காரர்களுக்கு நடை மாறியிருக்கிறதே தவிர, சாக்கடை அப்படியேதான். (நம் மாயவரத்துச் சிநேகிதன் ஒட்டடையிடம் இதைச் சொல்லாதே, சண்டைக்கு வருவான்.) திருவாரூருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தால் போ. நாகப்பட்டினத்தில் நிலத்தடி நீர் உப்பு, புயல் என்றால் முதல் செய்தி அங்கிருந்துதான். 2018 நவம்பரில் கஜா போனபோது வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் தென்னந்தோப்புகள் படுத்த கோலத்தை நாம் இருவரும் பார்த்தோம், அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. காரைக்காலுக்கு எழுபத்தெட்டு மதிப்பெண் போட்டிருக்கிறாய். அது புதுச்சேரியைச் சேர்ந்தது, ராமு! வண்டிப் பதிவு, ரேஷன் அட்டை எல்லாமே தனி. தமிழ்நாட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பித் தமிழ்நாட்டைத் தவறவிட்ட ஒரே ஆள் நீயாக இருப்பாய்.

வீடு வாங்கும் பேச்சை ஒரு வருஷம் எடுக்காதே. வாடகைக்கு இரு. நாஞ்சிக்கோட்டைச் சாலைப் பக்கமும் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கமும் தேடலாம். புது ஆற்றைத் தாண்டி வல்லம் பக்கம் போகப் போகச் செம்மண் மேடு. மழைத் தண்ணீர் நிற்காது. மற்றபடி நம் களிமண் உனக்குத் தெரியும், கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், அஸ்திவாரமும் அதோடு சேர்ந்து ஆடும். வயலை மூடி, வண்ணக் கல் நட்டு, ‘நகர்’ என்று வளைவு கட்டிய இடமெல்லாம் மனை ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கு 2016 அக்டோபர் 20 என்று ஒரு கெடு இருக்கிறது. அதற்கு முன் பதிவானதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. வில்லங்கச் சான்றிதழை என்னிடம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

வாடகைக்குக் கேட்கும்போது உனக்கு ஒன்று புதிதாக இருக்கும். “எந்த ஊர்” என்று தொடங்குவார்கள். அடுத்து “சைவமா” என்பார்கள். மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்கமாட்டார்கள். தெருப் பெயர், குலதெய்வம் என்று சுற்றி வருவார்கள். நம் சின்ன வயதில் இந்தக் கேள்விகள் நம் காதில் விழவில்லை, ஏனென்றால் நம் வீடுகள் ஏற்கெனவே அந்தந்தத் தெருவில்தான் இருந்தன. வைசாலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்லாதே. அப்படிக் கேட்கிறவன் வீடு அரண்மனையாக இருந்தாலும் எழுந்து வந்துவிடு. கேட்காதவர்களும் இருக்கிறார்கள், நான் விசாரித்து வைக்கிறேன்.

கார் பற்றி: நாக்பூர் ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபனையின்மைச் சான்று வாங்கி வா. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவும் புது வரியும் உண்டு. அந்த வண்டியின் வயதுக்கு, அங்கேயே விற்றுவிடு.

தீபாவளிக்கு வராதே. கார்த்திகை முதல் வாரம், மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது நால்வரும் வாருங்கள். நனைந்த துணி காயாத வீட்டையும் தண்ணீர் நிற்கும் தெருவையும் அவர்கள் பார்க்கட்டும். வெயிலை நாக்பூர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. வியர்வையைத்தான் காட்ட வேண்டும், அது சித்திரையில். பள்ளிகளுக்கு வைசாலியும் பெரியவளும் போகட்டும். நீ வெளியே நில், வாயைத் திறக்காதே. அவர்கள் தஞ்சாவூரும் வேண்டாம், நாக்பூரே போதும் என்றால், அம்மாவுக்கு ஓர் ஆள் வைத்து நாம் பார்த்துக்கொள்வோம். நானும் நெட்டையும் இங்கேதானே இருக்கிறோம்.

சென்னை வந்ததும் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் பிடியுங்கள், கும்பகோணத்தில் இறங்கிவிடுங்கள், தஞ்சாவூருக்கு நான் காரில் அழைத்துப் போகிறேன். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். என் சர்க்கரையைக் காரணம் காட்டி ஆரஞ்சு பர்பி வாங்காமல் வந்துவிடாதே. வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
மூர்த்தி