உய்குர் மக்கள் விஷயத்தில் ஏன் ஒதுங்கி நின்றோம்? வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2022 அக்டோபர் 6 அன்று ஜெனீவாவில் நடந்த வாக்கெடுப்பு பற்றித்தான் இந்த மடல். சீனாவின் வடமேற்கில் உய்குர் முஸ்லிம்கள் வாழும் சின்ஜியாங் பகுதியின் நிலவரத்தை ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் விவாதிக்கலாமா என்பது மட்டுமே அன்றைய கேள்வி. கண்டனமும் இல்லை, தடையும் இல்லை. ஆதரவு 17, எதிர்ப்பு 19. ஒதுங்கி நின்ற 11 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

குறிப்பிட்ட ஒரு நாட்டைப் பற்றிய தீர்மானங்களால் பயனில்லை என்பது நம் நெடுநாள் நிலைப்பாடு என்று மறுநாள் விளக்கம் வந்தது. சரி, அப்படியானால் 2012இலும் 2013இலும் இலங்கை பற்றிய தீர்மானங்களை ஆதரித்தோமே, அது எப்படி? தமிழகம் கொடுத்த நெருக்கடியில் அன்று கொள்கை வளைந்தது. உய்குர்களுக்காக நெருக்கடி கொடுக்க டெல்லியில் எம்.பி.க்கள் இல்லை, அவ்வளவுதான். (அதே அக்டோபர் 6 அன்று இலங்கைத் தீர்மானத்திலும் நழுவிக்கொண்டோம் என்பது தனிக்கதை.)

அங்கே வன்முறையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சின்ஜியாங் தலைநகர் உரும்சியில் 2009இல் நடந்த கலவரத்தில் ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். 2014இல் சின்ஜியாங்குக்கு வெளியே, சீனாவின் குன்மிங் நகர ரயில் நிலையத்தில் 31 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆனால் சின்ஜியாங்கின் கரகாஷ் வட்டாரத்தில் உய்குர்களை முகாம்களில் அடைத்தது பற்றி 2020இல் கசிந்த அரசுப் பட்டியலைப் பாருங்கள். முன்னூறுக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் உள்ளன. முகாமில் அடைத்ததற்கான காரணங்கள்: தாடி வைத்தது, முக்காடு போட்டது, அனுமதித்ததைவிடக் கூடுதலாகப் பிள்ளை பெற்றது, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தது. பாஸ்போர்ட் கேட்பது பயங்கரவாதமா?

இல்ஹாம் தோதி பெய்ஜிங்கில் பாடம் நடத்திய உய்குர் பொருளாதாரப் பேராசிரியர். 1955இல் சின்ஜியாங்குக்குத் தன்னாட்சிப் பகுதி என்று பெயர் வைத்தீர்களே, அந்தத் தன்னாட்சிச் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்றுதான் சீன அரசிடம் கேட்டார். 2014இல் ஆயுள் தண்டனை. தர்காக்களையும் நாட்டார் வழக்காறுகளையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த உய்குர் ஆய்வாளர் ராஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமல் போனார். அவருக்கும் ஆயுள் தண்டனை என்று 2023இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே 2022 ஆகஸ்ட் 31இல் எழுதிவிட்டது. அந்த அறிக்கையை வைத்துப் பேசத்தான் நமக்குத் தயக்கம்.

இவர்கள் நமக்கு முன்பின் தெரியாதவர்களும் அல்ல. சின்ஜியாங்கின் யார்க்கண்டிலிருந்து கரகோரம் கணவாய் தாண்டி லே கடைவீதிக்கு வணிகர்கள் வந்துபோன காலம் உண்டு. சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் அந்தப் பாதை அடைபட்டது. 2013இல் அதே லடாக் பக்கம் எல்லை தாண்டி வந்த மூன்று உய்குர் இளைஞர்களை என்ன செய்தோம்? தண்டனைக் காலம் முடிந்த பிறகும் விசாரணையின்றி அடைக்க அனுமதிக்கும் ஜம்மு காஷ்மீர் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, உத்தரவுக்கு மேல் உத்தரவு போட்டு ஆண்டுக்கணக்கில் சிறையிலேயே வைத்தோம். 2016இல் தர்மசாலா மாநாட்டுக்கு வரவிருந்த உய்குர் தலைவர் தோல்குன் ஈசாவுக்கு விசா கொடுத்துவிட்டுப் பிறகு ரத்து செய்தோம்.

சீனாவோடு எல்லைத் தகராறும் வணிகமும் சேர்ந்தே இருக்கும்போது உங்கள் கணக்குகள் எளிதல்ல என்பது புரிகிறது. ஆனாலும் இரண்டு கோரிக்கைகள். பேரவையில் அடுத்த முறை விவாதம் கேட்டால் ஆதரித்து வாக்களியுங்கள். அப்புறம், லடாக்கில் பிடிபட்ட அந்த மூவரும் இப்போது எங்கே, எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வையுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாக்காளர்