விமானம் ஏற்றும் முன் ஒரு மணி நேரம் கொடுங்கள்

சென்னையிலிருந்து எங்களை ஜெர்மனிக்கு அனுப்பி வைக்கும் கல்வி ஆலோசனை நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் அலுவலகம் வழியாக மியூனிக் வந்தவன் நான். விண்ணப்பம், பிளாக்டு அக்கவுண்ட் (செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு), இன்சூரன்ஸ், விசா எல்லாம் நன்றாகவே முடித்துக் கொடுத்தீர்கள், அந்த நன்றி இன்னும் இருக்கிறது. இந்த அக்டோபரில் வந்த திண்டுக்கல் தம்பி வாடகை வீட்டு மோசடியில் ஏமாந்தது உங்களுக்குத் தெரியும், அவன் அப்பாவே நேரில் வந்து சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே அடுக்குமாடி வாசலில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் இருக்காது, அழைப்பு மணிப் பலகையில் குடியிருப்பவர்களின் குடும்பப் பெயர்தான் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு, குளிரில், இரண்டு பெட்டிகளோடு அந்தப் பலகையை அவன் மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்திருக்கிறான். ஒப்பந்தத்தில் இருந்த பெயர் அதில் இல்லை. சாவியோடு வருவதாகச் சொன்ன ஆளின் போன் அணைந்து கிடந்தது. கீழே இறங்கி வந்த ஒரு பாட்டியிடம் போனில் இருந்த ஒப்பந்தத்தைக் காட்டியிருக்கிறான், அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டான்.

மாதம் 420 யூரோ வாடகை, 840 யூரோ டெபாசிட். ஆக 1260 யூரோவை ஊரிலிருந்தே, வீட்டைப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறான், கூடவே பாஸ்போர்ட் நகலும். பிளாக்டு அக்கவுண்டில் போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் கைக்கு வருவது 992 யூரோதான். டெபாசிட்டுக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. போலீசில் புகார் கொடுத்தோம், பணம் வரவில்லை.

மியூனிக் நடுவில் 420 யூரோவுக்குத் தனி வீடு கிடைக்காது என்று யாராவது ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தால் போதும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் வந்ததும் சாவி வரும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த பழைய ஏமாற்று. டெபாசிட் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு (சூடேற்றல் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகை) மேல் போகக்கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணையே வாடகைக் காலம் தொடங்கும்போதுதான் என்று சட்டம் சொல்கிறது. இதெல்லாம் தெரிந்திருந்தால் அவன் ஒரு யூரோகூட அனுப்பியிருக்க மாட்டான். இதைத்தான் கேட்கிறேன்: விசா கிடைத்த பிறகு, விமானம் ஏறும் முன், வீடு பற்றி மட்டும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

இப்போது என் 14 சதுர மீட்டர் அறையில் தரையில் படுக்கிறான். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். என் வீட்டுக்காரர் தர மறுத்துவிட்டார். பதிவு இல்லாமல் வரி எண் வராது, பகுதிநேர வேலை தள்ளிப்போகிறது, குடியிருப்பு அனுமதிக்கும் அந்தப் பதிவு வேண்டும். பாடத்தைவிட முகவரியைத்தான் அவன் தினமும் தேடுகிறான்.

உங்கள் வரவேற்பறைச் சுவரில் விசாவோடு சிரிக்கும் பிள்ளைகளின் படம் நிறைய இருக்கிறது, என் படமும் இருக்கிறது. அவர்கள் இங்கே வந்து எங்கே தூங்கினார்கள் என்று ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? லட்சக்கணக்கில் கடன் வாங்கி வருகிற குடும்பங்கள் இவை, விசா முத்திரையோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோபமாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஏப்ரல் செமஸ்டருக்கு அடுத்த குழு கிளம்பும் முன் அதைத் தொடங்குங்கள், தயவுசெய்து. பேச ஆள் இல்லையென்றால் சனிக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் நானே வருகிறேன், காசு வேண்டாம். தம்பியும் வருகிறேன் என்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்