லேசர் பயிற்சி ரவை கேட்ட இடத்தில் பிரைமர் ரவை: முறைப்பாடு

களுவாஞ்சிகுடி,
மட்டக்களப்பு.

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

.38 ரிவோல்வருக்கான லேசர் பயிற்சி ரவையும் வெடிக்காத டம்மி ரவைகளும் அனுப்பும்படி உங்களிடம் முழுப்பணமும் கட்டியிருந்தேன். கூரியரில் வந்த பெட்டியில் இரண்டுமே இல்லை. பித்தளைக் கோதுகள், கறுப்பு பிளாஸ்டிக் குண்டுகள், ஒரு சின்னத் தட்டில் பிரைமர்கள் (சுத்தியல் தட்டியதும் வெடிக்கிற, ரவையின் பின்பக்கத்தில் பொருத்தும் சிறு மூடிகள்), இவ்வளவுதான் இருந்தன. பற்றுச்சீட்டில் மட்டும் 'லேசர்' என்று சரியாகவே எழுதியிருக்கிறது.

நான் அரிசி ஆலை நடத்துபவன். பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரத்தோடு ரிவோல்வர் வைத்திருக்கிறேன், வருஷா வருஷம் புதுப்பிக்கிறேன். வைத்திருப்பவனுக்குப் பழக்கமும் வேண்டும் என்பதால்தான் லேசரைக் கேட்டேன். அதில் வெடிமருந்தே கிடையாது. சுத்தியல் வந்து பின்பக்கத்து ரப்பரில் தட்டினால் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி மறையும். விசையைச் சீராக அழுத்தினால் அது புள்ளியாகவே நிற்கும். விரல் வெடுக்கென்று இழுத்தால் சின்னக் கோடாக இழுபடும், வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே. பிழை எங்கே என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். வீட்டுக்கு ஏற்ற பயிற்சி அதுதான்.

நீங்கள் அனுப்பியது வேறு சாதி. அதில் வெடிமருந்துத் தூள் இல்லை என்பது உண்மை. ஆனால் குண்டைத் தள்ளும் பிரைமரும் வெடிபொருள்தானே? மூடிய அறையில் அடித்தால் புகையோடு ஈயமும் மூச்சில் போகும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். சாதாரணக் கோதில் பிரைமர் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து சுழல் உருளையை இறுக்கிவிடும் என்பதால், இதற்கென்று பிரைமரின் தீ கோதுக்குள் போகும் துளையைப் பெரிதாக்கிய கோதுதான் வேண்டும். அப்படிப் பெரிதாக்கிய கோதில் பிறகு யாரும் உண்மையான ரவை நிரப்பக்கூடாது, ஆகவே அடையாளமும் இடவேண்டும். உங்கள் பெட்டியில் அடையாளம் இல்லை, எச்சரிக்கைத் தாள் இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கோதின் நிறமும் உண்மையான ரவையின் நிறமே. மங்கல் வெளிச்சத்தில் கையில் எடுப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். பக்கத்து வளவில் ஒரு பட்டாசு வெடித்தாலே முதியவர்கள் கதவைச் சாத்துகிற இடம் இது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை ஒருவரும் மறக்கவில்லை. இங்கே ஒரு வீட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்டால் அயலவர் என்ன நினைப்பார்கள்? 'சத்தமில்லை, வீட்டிலேயே பழகலாம்' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பித்தான் நான் வாங்கினேன்.

துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, வெடிபொருட்கள் சட்டம் 1956ஆம் ஆண்டினது. அனுமதி பார்க்காமல் பிரைமரைச் சாதாரணக் கூரியர் பொதியில் போட்டு அனுப்ப உங்களுக்கு எப்படித் துணிவு வந்தது? வழியில் சோதனையில் பிடிபட்டிருந்தால் பதில் சொல்லவேண்டியவன் பெட்டியில் பெயர் இருக்கிற நான்.

பெட்டியைத் திறந்த அன்றே பொலிஸில் ஒப்படைத்து அதற்கு ஒரு கடிதமும் பெற்றுக்கொண்டேன். அப்புறம் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னால், 'பொருளைத் திருப்பி அனுப்பினால்தான் பணம்' என்கிறார் உங்கள் ஊழியர். பொலிஸ் பொறுப்பில் உள்ளதை நான் எப்படி அனுப்புவது? அதே பிரைமரை மறுபடியும் கூரியரில் ஏற்றச் சொல்கிறாரா?

எனக்கு மாற்றுப் பொருள் வேண்டாம். கட்டிய பணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள். இதே பெட்டி வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்து அவர்களுக்கு இன்றே அறிவியுங்கள், எனக்குப் பணத்தைவிட அதுதான் அவசரம். விளம்பரத்தில் லேசர் வேறு, பிரைமர் ரவை வேறு என்று தெளிவாகப் பிரித்துப் போடுங்கள். இரண்டு வாரத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதை அனுப்புவேன்.

பற்றுச்சீட்டு, பெட்டியின் படங்கள், பொலிஸ் தந்த கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்