வறட்சியில் ஆற்றை அளந்து பார்

அன்பு மகளுக்கு,

சுற்றாடல் ஆளுகை ஆராய்ச்சிதான் இனி உன் தொழில் என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. சட்டத்தை நீ படித்துக்கொள்வாய். அது ஆற்றங்கரையில் எங்கே நழுவுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நம் இலங்கை மலைப்பக்கத்துச் சிறு நீர்மின் திட்டங்களை முதலில் எடு. 1993 அரச வர்த்தமானிப்படி 50 மெகாவாட்டைத் தாண்டினால்தான் நீர்மின் நிலையத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராயும் அறிக்கை, வேண்டும். இங்கே ஓடைக்கு ஓடை வருவது 10 மெகாவாட்டுக்கும் குறைந்தவை. தப்பிவிட்டன என்று விட்டுவிடாதே. அரசு பாதுகாக்கும் ஒதுக்குக் காட்டின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் சிறியதும் அகப்படும். அணை, குழாய், மின்நிலையம் மூன்றையும் வரைபடத்தில் தனித்தனியாகக் குறி. மின்நிலையம் தேயிலைக்குள் நிற்கும், அணை காட்டோரம் இருக்கும்.

மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் நீரை எந்த மாதம் அளந்தார்கள் என்று பார். மேற்குச் சரிவில் ஜூன், ஜூலையில் ஆறு பெருகும். பெப்ரவரியில் கல் தெரியும். கிழக்கே ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில்தான் வறட்சி. அணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே தண்ணீர் குழாய்க்குள் போய்விடும். லயத்துச் சனம், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், குளிக்க, துவைக்க இறங்குவது அந்தத் துண்டிலாக இருந்தால் என்ன மிஞ்சும்?

நீயே அளந்துவிடு. நேராக ஓடும் 10 மீட்டரில் ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் பிடி. 20 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு அரை மீட்டர். அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 20 சென்ரிமீட்டர் என்றால் 300 லீற்றர் வரும். மேல்நீர் அடிநீரைவிட விரைவாக ஓடும், ஆகவே 0.85ஆல் பெருக்கு: செக்கனுக்கு 255 லீற்றர். ஆழத்தைக் கரைக்குக் கரை ஐந்து இடத்தில் எடு. நடு ஆற்றில் மட்டும் எடுத்தால் கணக்கு ஊதிவிடும். பழம் சுழியில் மாட்டினால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதே.

மதிப்பீட்டு அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும். கருத்துச் சொல்ல 30 நாள். ஆனால் அறிக்கையைப் பார்க்க வேலைநாளில் கந்தோருக்குப் போனால் கொழுந்தெடுப்பவளுக்கு அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். ஆகவே பிரதி எடுத்து ஞாயிற்றுக்கிழமை லயத்திலேயே வாசித்துக் காட்டு. அவர்கள் சொல்வதைப் பதிவுத்தபாலில் அனுப்பு.

அறிக்கை கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேள். "எல்லா ஆவணமும்" என்றால் இழுபடும். "அணை இடத்தின் நீரளவு, மாதவாரியாக" என்று எழுது.

பெப்ரவரிக் கடைசியில் வா, மகள். 30 மீட்டர் அளவு நாடா ஒன்றும் கொண்டு வா. மழை பிடிக்குமுன் அந்த அளவை எடுத்துவிட வேண்டும்.

அப்பா